விமானம் தள்ளிய பதின்மூன்றாவது ஆள்

ஓசூரிலிருந்து தினமும் எல்லை தாண்டி விமான நிலையத்துக்கு வேலைக்குப் போகும் உங்களில் ஒருவர் போன மாதம் என்னைப் பார்க்க வந்திருந்தார். விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும் வண்டியின் பக்கத்தில், காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு விமானியோடு பேசியபடி நடப்பது அவர் வேலை. "பிரேக்கை விடுங்கள் என்று நீங்கள் சொல்வது முதலிலா, விட்டுவிட்டேன் என்று அவர் சொல்வது முதலிலா?" என்று கேட்டேன். சட்டென்று பதில் வந்தது. சரியான பதில்தான், ஆனால் அவ்வளவு வேகமாக வந்ததில் எனக்கு நிம்மதி இல்லை. இன்னொன்று கேட்டேன். "உங்கள் ஆட்கள் எல்லாரும் விமானத்தை விட்டு வெளியே வந்துவிட்டார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?"

"எண்ணிப் பார்த்துக்குவோம் சார்" என்றார்.

அவர் போன பிறகு வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எண்ணுவதில் என்ன தவறு என்று நீங்கள் கேட்கலாம். ஒரு தவறும் இல்லை. நானே எதைப் பார்த்தாலும் எண்ணுகிறவன். மாடிப்படி ஏறினால் எண்ணுவேன். மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையைக் கடை வாசலிலேயே கொட்டி எண்ணுவேன். என் மருமகளுக்கு அது வெட்கமாக இருக்கிறது. அப்படிப்பட்டவன்தான் சொல்கிறேன்: ஒருநாள் நான் சரியாக எண்ணினேன், எண்ணிக்கையும் சரியாக வந்தது, ஆனாலும் விமானத்தின் அடியில் ஓர் ஆள் இருந்தார்.

அவர் பெயர் காதர். கதை சொல்கிறவர்களைப் போல இதைக் கடைசி வரை மறைத்து வைக்க எனக்குத் தெரியாது, அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். வலது சக்கரத்தின் பின்னால் அவர் குனிந்து கிடந்தார். அந்தச் சக்கரத்துக்கு முன்னால்தான் வலது என்ஜினின் புரொப்பெல்லர், நாங்கள் விசிறி என்று சொல்வோம், நின்றுகொண்டிருந்தது. அதைச் சுழற்றலாம் என்று விமானிக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியவன் நான்.

இது ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. இன்று தொழிற்சாலைகளாக நிறைந்திருக்கும் இந்தப் பக்கம் அன்று சேலம் ஜில்லாவின் ஓரம், தாண்டினால் மைசூர் ராஜ்யம். ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவில், உலகச் சண்டைக் காலத்தில் போட்டு, பிறகு எல்லாரும் மறந்துவிட்ட ஓர் ஓடுபாதை இருந்தது. ஒரு சின்ன கம்பெனி அதை எடுத்து, ஒரே ஒரு டகோட்டா விமானத்தை வைத்துக்கொண்டு சரக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. மாம்பழக் காலத்தில் மாம்பழம் போகும், மற்ற மாதங்களில் எது கிடைக்கிறதோ அது போகும். பள்ளி இறுதி முடித்த கையோடு நான் அங்கே சேர்ந்தேன். விமானத்துக்கு எதிரே நின்று விமானிக்குக் கைகாட்டுவது என் வேலை.

உங்களிடம் இருக்கும் தள்ளுவண்டி எங்களிடம் இல்லை. டகோட்டா சரக்குக் கொட்டகையைப் பார்த்து மூக்கை வைத்து நிற்கும். அந்த இடத்தில் அதைத் திருப்ப முடியாது, பின்னுக்குத் தள்ளித்தான் எடுக்க வேண்டும். பன்னிரண்டு பேர் தள்ளுவார்கள். பத்துப் பேர் சக்கரக் கால்களிலும் இறக்கையின் முன் விளிம்பிலும் தோள் கொடுப்பார்கள். இரண்டு பேர் வாலுக்கடியில் இருக்கும் சின்னச் சக்கரத்தில் ஓர் இரும்புக் கழியை மாட்டித் திசை திருப்புவார்கள். விமானி மேலே பிரேக்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். என் கையில் ஒரு மூங்கில் கம்பு. அதனால் விமானத்தின் வயிற்றில் ஒரு தட்டு தட்டினால் பிரேக்கை விட வேண்டும், இரண்டு தட்டினால் பிடிக்க வேண்டும். இதுதான் எங்கள் ஹெட்செட்.

தள்ளி முடிந்ததும் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்துவிட்டு, பன்னிரண்டு பேரும் இடது இறக்கை முனைக்கு அப்பால் வந்து வரிசையாக நிற்பார்கள். நான் எண்ணுவேன். பன்னிரண்டு வந்தால் கட்டைவிரல்.

இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்கும் தெரியும். சாலையில் லாரியோ வண்டியோ நின்றுபோய் நான்கு பேர் தள்ளிக்கொண்டிருந்தால், அந்த வழியாகப் போகிறவர் சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு ஐந்தாவது ஆளாகத் தோள் கொடுப்பார். யார் வண்டி, எங்கே போகிறது என்று கேட்க மாட்டார். வண்டி நகர்ந்ததும் கையைத் தட்டிக்கொண்டு போய்விடுவார். அவருக்கு யாரும் நன்றி சொல்வதும் இல்லை, அவர் எதிர்பார்ப்பதும் இல்லை. மாம்பழம் கொண்டுவந்தவர்களுக்கு டகோட்டாவும் நின்றுபோன ஒரு வண்டிதான்.

அதனால் சில நாட்களில் வரிசையில் பதின்மூன்று பேர் நிற்பார்கள். முதல் தடவை அப்படி ஆனபோது நான் கையைக் குறுக்கே வைத்து விமானியை நிறுத்திவிட்டேன். கேப்டன் பக்கத்து ஜன்னலைத் தள்ளித் தலையை நீட்டினார். அவர் வடக்கத்திக்காரர், சண்டையில் விமானம் ஓட்டியவர். எங்களோடு இரண்டு மாம்பழக் காலம் இருந்ததில் அவருக்குக் கொஞ்சம் தமிழ் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னா ஆச்சு?"

"பதின்மூன்று பேர் இருக்கிறார்கள், கேப்டன்."

"பன்னெண்டு வெளியே?"

"பதின்மூன்று வெளியே."

"அப்போ உள்ளே?"

"உள்ளே யாரும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார், பிறகு கொட்டகையைப் பார்த்தார். ஜன்னலை மூடிக்கொண்டார். விமானம் போன பிறகு மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"குறைஞ்சா நிறுத்துப்பா, சரி. கூடினா எதுக்கு நிறுத்தறே? கூடுதலா ஒருத்தன் வெளியே நிக்கறதால விசிறிக்கு என்ன ஆகப்போவுது? இனிமே குறைஞ்சா மட்டும் நிறுத்து. கூடினா விடு."

அந்த வாக்கியத்தை இத்தனை வருடங்களாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அதில் எங்கே பிழை என்று ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டச் சொன்னால் இன்றைக்கும் எனக்குத் தடுமாற்றம்தான். கணக்குப்படி சரி. குறைந்தால் ஆபத்து, கூடினால் இல்லை. நானும் ஒப்புக்கொண்டேன்.

தள்ளுகிறவர்கள் என்னைக் கேலி செய்தார்கள். வால் கழியைப் பிடிக்கும் மாரப்பன்தான் அவர்களுக்குத் தலைவர் மாதிரி. "கணக்கு சாரு, என் சம்சாரம்கூட என்னை இத்தனை தடவை எண்ணிப் பாத்ததில்லீங்க" என்பார். "நீ ஒருத்தன்தானே, ஒருத்தனை எத்தினி தடவைய்யா எண்ணறது?" என்று காதர் கேட்பார். காதர் முன்பு லாரி கிளீனராக இருந்தவர். வலது சக்கரத்தின் முட்டுக்கட்டை அவர் பொறுப்பு.

அதே வாரத்தில் செருப்பு விவகாரமும் வந்தது. ஓடுபாதையின் கான்கிரீட் வெயில் ஏற ஏறக் கொதிக்கும். வெறுங்காலோடு நின்று தள்ள முடியவில்லை, கம்பெனி ஆளுக்கு ஒரு ஜோடி டயர் செருப்பு தர வேண்டும் என்று மாரப்பன் கேட்டார். மேலிடத்துக்கு எழுதியிருப்பதாக மேனேஜர் சொன்னார்.

"எழுதுங்க, எழுதுங்க" என்றார் மாரப்பன். "ஒருநாள் இல்லேன்னா ஒருநாள் நாங்க அப்படியே உக்காந்துருவோம். அன்னிக்கி ஏரோப்பிளேனை நீங்களே தள்ளிக்குங்க."

கேப்டனும் அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, எனக்குத் தெரியாது.

நடந்த நாளுக்கு வருகிறேன். மத்தூர்ப் பக்கத்திலிருந்து மாம்பழம் ஏற்றி வந்த லாரி வழியில் டயர் வெடித்து நின்றுவிட்டது. விடியும்போது வர வேண்டிய சரக்கு வெயில் நன்றாக ஏறிய பிறகு வந்தது. சாலையிலிருந்து ஓடுபாதை வரை லாரி வர முடியாது என்பதால் மாட்டு வண்டிகளில் மாற்றி ஏற்றி வந்தார்கள். கூடைகள் உள்ளே போகப் போக விமானத்துக்குள் வெக்கை ஏறியது. சூடான காற்றில் பாரத்தோடு எழும்ப டகோட்டாவுக்கு நீண்ட ஓட்டம் வேண்டும், எங்கள் ஓடுபாதையோ நீளமானதில்லை. கேப்டன் வானத்தையும் பாதையின் கோடியையும் மாறி மாறிப் பார்த்தார். மாம்பழத் தோட்டக்காரர் வியர்வையைத் துடைத்தபடி, "இன்னும் கொஞ்ச நேரம் போனா ஜூஸாத்தான் போய்ச் சேரும்" என்று யாரிடம் என்று இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார். வேலை தெரிந்த எல்லாரும் அவசரப்பட்டார்கள். இதை நினைவில் வையுங்கள். அன்று சோம்பேறிகள் யாரும் அங்கே இல்லை.

ஒரு தட்டு தட்டினேன். தள்ளினார்கள். பாதித் தூரம் போனதும் வலது சக்கரம் கான்கிரீட் உடைந்திருந்த ஒரு பள்ளத்தில் இறங்கி நின்றுகொண்டது. மாரப்பன் வாலிலிருந்து குரல் கொடுத்தார், எல்லாரும் மூச்சைப் பிடித்துத் தள்ளினார்கள். அசையவில்லை. மறுபடியும் தள்ளினார்கள். அப்போது வண்டிக்காரர் ஒருவர், முனியன் என்று பெயர், தலைத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து வலது இறக்கையில் தோளைக் கொடுத்தார். யாரும் கூப்பிடவில்லை. விமானம் பள்ளத்திலிருந்து ஏறி, நிற்க வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தது. நான் இரண்டு தட்டு தட்டினேன்.

வலது பக்க முட்டுக்கட்டை முந்தின நாள்தான் பிளந்துபோயிருந்தது. அதற்குப் பதிலாக லாரிக்காரர்கள் மலைப்பாதையில் செய்வது போல சக்கரத்துக்குக் கல் போட்டுக்கொள்ளலாம் என்று காதர் சொல்லியிருந்தார். கல்லும் கொண்டுவந்திருந்தார். அன்று அதை வைத்ததும் சக்கரத்தின் பாரத்தில் அது சரிந்து ஓரம் உடைந்துவிட்டது. உடைந்த கல்லை எடுத்துவிட்டு வேறு கல் போடுவதற்காக அவர் சக்கரத்துக்குப் பின்னால் போய்க் குனிந்தார். நான் விமானத்தின் எதிரே இடது ஓரத்தில் நின்றேன். விமானத்தின் வயிறும் இடது சக்கரமும் அவரை என் கண்ணிலிருந்து மறைத்தன. தள்ளுகிறவர்கள் முன்பக்கமாகப் போய் முன்பக்கமாகவே வெளியே வருவார்கள். காதரும் வேலை முடிந்தால் விசிறியின் பக்கமாகத்தான் வெளியே வருவார்.

மற்றவர்கள் வந்து வரிசையில் நின்றார்கள். முனியனும் விமானம் எழும்புவதைப் பார்க்கும் ஆசையில் அவர்களோடு வந்து நின்றார். அவருக்கும் இடுப்பில் மடித்துக் கட்டிய வேட்டி, தலையில் துண்டு, வெற்று மார்பில் வியர்வை. நான் எண்ணினேன். பன்னிரண்டு.

கேப்டன் ஜன்னலில் தலையை நீட்டினார். "எல்லா ஆள் வெளியே?"

"வெளியே, கேப்டன்."

கட்டைவிரலைத் தூக்கினேன். அவரும் தூக்கினார். ஜன்னலை மூடினார்.

டகோட்டாவின் விசிறி எடுத்த எடுப்பில் சுழலாது. முதலில் என்ஜினுக்குள்ளே ஒரு சிறு சக்கரம் தனியாகச் சுழன்று வேகம் பிடிக்கும். அது குழந்தை சிணுங்குவது போல மெல்லத் தொடங்கி, ஏறி ஏறி, ஒரே கூவலாகிவிடும். அந்தக் கூவல் உச்சிக்குப் போனதும் விமானி இன்னொரு பொத்தானை அமுக்குவார். அப்போதுதான் விசிறி சுழலும். சிணுங்கலுக்கும் விசிறிக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரம்தான் கீழே நிற்பவனுக்குக் கிடைக்கும் கடைசி அவகாசம்.

சிணுங்கல் ஆரம்பித்தது. தோட்டக்காரர் வண்டிகளின் பக்கத்திலிருந்து கத்தினார்.

"ஒரேய் முனியா, இன்னும் அங்கே என்னாடா வேடிக்கை? மாடு மிரளப்போவுது, வந்து கவுத்தைப் பிடி."

வரிசையிலிருந்து ஒருவர் விலகி வண்டிகளை நோக்கி ஓடினார். நான் மறுபடியும் எண்ணினேன். எண்ண வேண்டிய அவசியம் இல்லை, என் பழக்கம் அது. பதினொன்று. சரிதான், ஒருவர் மாட்டைப் பிடிக்கப் போயிருக்கிறார், பதினொன்றும் ஒன்றும் பன்னிரண்டு என்று என் மனம் சொன்னது. அவர் நுகத்தின் பக்கத்தில் போய் நின்றதும் மாடு அவர் தோளில் மூக்கை வைத்தது. அந்த மாட்டுக்கு அவரைத் தெரிந்திருந்தது. எங்கள் ஆட்கள் யாரையும் அதற்குத் தெரியாது.

அப்படியானால் அவர் எங்கள் ஆள் இல்லை. அப்படியானால் என் பன்னிரண்டில் அவர் எப்படி வந்தார்? முதலிலேயே தப்பாக எண்ணிவிட்டேனா? எங்கள் ஆள் ஒருவர் தண்ணீர் குடிக்கப் போயிருப்பாரா? அல்லது காலையில் வந்ததே பதினொரு பேர்தானா? முகங்களைப் பார்த்தேன். தினமும் பார்க்கிற முகங்கள், ஆனால் யார் இல்லை என்று எனக்குத் தெரியவில்லை. இருக்கிறவர்களைப் பார்க்க முடிகிறது, இல்லாதவர் எப்படித் தெரிவார்? காதரின் பெயர் அப்போது என் மனதில் வரவே இல்லை. நான் யோசித்து அவரைக் கண்டுபிடித்ததாகப் பிற்பாடு பலர் சொன்னார்கள். அது பொய்.

சந்தேகம் வந்தால் நிறுத்து என்று உங்களுக்கு வகுப்பில் சொல்லித் தருகிறார்கள். சரிதான். ஆனால் அது வரும்போது சந்தேகம் என்ற பெயரோடு வருவதில்லை. ஏதோ ஒரு தொந்தரவு போல, நம்முடைய சொந்தக் கோளாறு போல வருகிறது. போன வாரம்தான் ஒன்றுமில்லாததற்கு நிறுத்தி மேனேஜரிடம் பேச்சு வாங்கினோம், இன்றைக்கும் நிறுத்தி ஒன்றுமில்லை என்றால் என்ன ஆகும் என்ற நினைப்போடு வருகிறது. கூவல் ஏறிக்கொண்டே இருக்கிறது.

கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்கே வைத்தேன். கேப்டன் என்னைப் பார்த்தார். பார்த்தார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கூவல் நிற்கவில்லை.

பிறகு நான் உட்கார்ந்துவிட்டேன். ஏன் என்று இன்றுவரை தெரியாது. கைகள் தலைக்கு மேல் அப்படியே குறுக்காக இருந்தன. கொதிக்கும் கான்கிரீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு வலது பக்கத்தில் மாரப்பனின் குரல் கேட்டது.

"டேய், சாரே உக்காந்துட்டாருடா. நாம என்னா நிக்கறோம்? உக்காருங்க."

பதினொரு பேரும் உட்கார்ந்தார்கள்.

கூவல் இறங்க ஆரம்பித்தது. இறங்கி, சிணுங்கலாகி, அடங்கியது. விசிறி அசையவில்லை. ஜன்னல் படாரென்று திறந்தது.

"செருப்பு?" என்று கேப்டன் கத்தினார். "இன்னிக்கு செருப்பு? இவ்ளோ வெயில்லே, இவ்ளோ மாம்பழம் வெச்சிட்டு? நீ படிச்ச ஆள், நீயும் உக்காருது?"

நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? ஒருவர் குறைகிறார் என்றா? யார் என்பார். தெரியாது என்பேன். மாரப்பன் எனக்காகப் பதில் சொன்னார்.

"செருப்பு வந்தாத்தாங்க எந்திரிப்போம். சாரும் எங்க பக்கம்தான்."

மேனேஜர் கொட்டகையிலிருந்து ஓடிவந்தார். தோட்டக்காரர், "தரேன்யா, செருப்பு நான் வாங்கித் தரேன், முதல்ல ஏரோப்பிளேனை விடுங்கய்யா" என்றார். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். நான் மட்டும் கையைக் கீழே இறக்கவில்லை.

அப்போது வலது சக்கரத்தின் பின்னாலிருந்து காதர் வந்தார். மண்டியிட்டு நகர்ந்து முன்பக்கம் வந்தார். ஒரு கையில் உடைந்த கல் இருந்தது. எழுந்து நிற்க அவருக்கு ஒரு பிடிமானம் வேண்டியிருந்தது. விசிறியின் கீழ் இதழை எட்டிப் பிடித்து, அதில் பாரத்தைப் போட்டு எழுந்தார். எழுந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, எங்கள் எல்லாரையும் பார்த்தார்.

"என்னாங்க இது? ஒரு கல்லு போட்டுட்டு வர்றதுக்குள்ள அத்தினி பேரும் உக்காந்துட்டீங்க?"

 கேப்டன் ஜன்னலில் அப்படியே இருந்தார். காதரின் கை இன்னும் இதழின் மேல் இருந்தது. கேப்டன் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மாம்பழம் அன்று போயிற்று, தாமதமாகத்தான். அந்தத் தாமதத்தைப் பற்றி யாரும் பிறகு பேசவில்லை.

மாலையில் விமானம் திரும்பி வந்ததும் மேனேஜர் எங்களை உட்கார வைத்து விசாரித்தார். ஒவ்வொருவரும் ஒன்று சொன்னார்கள், ஒவ்வொன்றும் உண்மை. நான் எண்ணினேன், பன்னிரண்டு வந்தது. மேனேஜர் விதி போட்டார், அது குறைவைத்தான் தடுத்தது, குறைவும் வரவில்லை. முனியன் உதவி செய்ய வந்தார். கேப்டன் என் கட்டைவிரலை நம்பினார்.

"கையைக் குறுக்கே வைத்தது தெரிந்ததா, கேப்டன்?" என்று நான் ஆங்கிலத்தில் கேட்டேன்.

"தெரிந்தது" என்றார். "நீ மறுபடியும் எண்ண ஆரம்பித்துவிட்டாய் என்று நினைத்தேன். இந்தத் தடவை நிறுத்த வேண்டாம் என்று நினைத்தேன்."

"பிறகு ஏன் நிறுத்தினீர்கள்?"

"நீ உட்கார்ந்தாய். வேலைநிறுத்தம் என்று நினைத்தேன். ஆட்கள் இல்லாமல் என்ன செய்ய முடியும்?"

இதை உங்களுக்கு எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. நிறுத்து என்பதற்காகவே ஏற்படுத்திய சைகை அவரை நிறுத்தவில்லை, யாரும் ஏற்படுத்தாத ஒன்று நிறுத்தியது. நான் அதற்கு முன்னால் ஒன்றுமில்லாததற்கு நிறுத்தாமல் இருந்திருந்தால் அவர் என் கையை நம்பியிருப்பாரா? அப்படியென்றால் சந்தேகம் வந்தால் நிறுத்து என்று உங்களிடம் எந்த வாயால் சொல்வது? ஆனாலும் சொல்கிறேன், நிறுத்துங்கள். ஒன்றுமில்லை என்று தெரிந்தால் அதையும் விமானியிடம் போய் நேரில் சொல்லுங்கள். எதற்காக நிறுத்தினீர்கள், எது உங்களை உறுத்தியது என்று உட்கார்ந்து சொல்லுங்கள். நான் முதல் தடவை அதைச் செய்யவில்லை. அவர் ஜன்னலை மூடினார், நான் பேசாமல் இருந்துவிட்டேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்த மூடிய ஜன்னல் அப்படியே நின்றது.

காதரிடம் தனியாகக் கேட்டேன். "என்ஜின் சத்தம் கேட்கவில்லையா பாய்? ஒரு குரல் கொடுக்கக் கூடாதா?"

"கேட்டுது சார். ஏதோ சோதிச்சுப் பாக்கறாங்கன்னு இருந்தேன். நான் இன்னும் வெளிய வரலியே, நீங்க எண்ணாம விடமாட்டீங்கன்னு தெரியுமே. அதான் அவசரப்படலே."

இந்தப் பதிலைக் கேட்டபோது வந்த பயம், கூவல் ஏறியபோதுகூட எனக்கு வரவில்லை. நான் எண்ணுகிறேன் என்பதால் அவர் பார்க்காமல் இருந்தார். அவர் பார்த்துக்கொள்வார் என்று நானும் ஒருவேளை இருந்திருப்பேன்.

செருப்பு விஷயம் வேடிக்கையாக முடிந்தது. மேனேஜர் பயந்துபோய் மேலிடத்துக்குத் தந்தி அடித்து, பன்னிரண்டு ஜோடி டயர் செருப்பு வந்து சேர்ந்தது. நான் அதற்காக உட்காரவில்லை என்று மாரப்பனிடம் எத்தனையோ தடவை சொன்னேன். "சரிங்க சார், வெளிய சொல்லிக்காதீங்க" என்று கண்ணைச் சிமிட்டினார். அந்த ஓடுபாதையை விட்டுப் போகும்வரை அவர்களுக்கு நான் சங்கத் தலைவன்.

இனிமேல் தலையை எண்ணுவதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று மறுநாள் முடிவு செய்தேன். விமானம் தள்ளி முடிந்தது. வரிசைக்கு முன்னால் நின்று கூப்பிட்டேன். மாரப்பன் "இருக்கேங்க" என்றார். அடுத்தவரும் இருந்தார். "காதர்" என்றேன். வரிசையிலிருந்து, "இருக்காருங்க" என்று ஒரு குரல் வந்தது.

"எங்கே இருக்கிறார்?"

"சக்கரத்துகிட்ட இருக்காருங்க சார். வந்துருவாரு, நீங்க மேல படிங்க."

வராதவருக்காகப் பக்கத்தில் இருப்பவர் பதில் சொல்வது அவர்களுக்கு ஒரு மரியாதை. கூட்டாளியை விட்டுக்கொடுக்காத பழக்கம். அதை எப்படிக் குறை சொல்வேன்? கையில் கம்போடு நான் குழம்பிப்போய் நின்றேன். எண்ணினாலும் தப்புகிறது, பெயர் சொன்னாலும் தப்புகிறது.

அதற்குள் காதர் முன்பக்கமாக வெளியே வந்து வரிசையில் சேர்ந்துகொண்டார். எல்லாரும் வந்தாயிற்று என்று என் கண்ணாலேயே பார்த்துவிட்டு, நான் கட்டைவிரலைத் தூக்கினேன்.

கேப்டன் தூக்கவில்லை. ஜன்னலைத் திறந்தார்.

"நீ வேணாம்" என்றார். "சக்கரத்து ஆள். அவன் வரட்டும்."

காதரைக் கைகாட்டினேன். அவர் பயந்துகொண்டே வந்து என் பக்கத்தில் நின்றார். நேற்றைய சமாசாரத்துக்குத் தண்டனை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. தலையைக் குனிந்தபடியே நின்றார்.

"சார், நான் கல்லை இன்னிக்கிக் கெட்டியாத்தான் வெச்சிருக்கேன்னு சொல்லுங்க" என்றார் என்னிடம்.

"கட்டைவிரலைத் தூக்குங்கள் பாய். நீங்கள் வெளியே வந்துவிட்டீர்கள் என்று நீங்களே அவருக்குக் காட்ட வேண்டுமாம்."

"கேப்டன் துரைக்கு நான் போயி விரலைக் காட்டறதா? நல்லாருக்காது சார்."

மேலே கேப்டன் காத்திருந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, உள்ளே பழம் இருந்தது, தோட்டக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேப்டன் அவசரப்படுத்தவில்லை. ஜன்னல் விளிம்பில் முழங்கையை ஊன்றி, குனிந்திருந்த அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வரிசையிலிருந்து மாரப்பன் கூப்பிட்டார். "பாய், மேல பாருங்க. அந்தாளு உங்களுக்காகத்தான் நிக்கிறாரு."

காதர் மெல்லத் தலையைத் தூக்கினார். விரலைக் காட்ட அவருக்கு மனம் வரவில்லை. வலது கையை நெற்றிக்குக் கொண்டுபோய் ஒரு சலாம் வைத்தார். கேப்டன் முழங்கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, அதே மாதிரி நெற்றியில் கைவைத்துத் திருப்பிச் சலாம் சொன்னார். ஜன்னலை மூடினார்.

அதற்குப் பிறகுதான் சிணுங்கல் தொடங்கியது.